அடியில்லாத நிழல்

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை போகிற சாலையில், ஒரு இலுப்பைத் தோப்பை வெட்டிச் சமன்படுத்தி மனை போட்டு விற்ற இடத்துக்கு விருட்சம் நகர் என்று பெயர் வைத்தார்கள். வெட்டினதன் ஞாபகார்த்தமாக வைத்தார்களோ, வெட்கம் கெட்டு வைத்தார்களோ, அது அவர்களுக்கே வெளிச்சம். மரங்களை லாரியில் ஏற்றி அனுப்பிய மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், மரங்களின் நிழல் மட்டும் போகாமல் அங்கேயே கிடந்தது. "வண்டியில எடம் பத்தல போலருக்கு" என்றார் கொத்தனார், சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டுபோய் அந்த நிழலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, துண்டை விரித்து ஒரு தூக்கமும் போட்டார்.

நிழல் என்றால் கறை மாதிரி அசையாமல் கிடக்கிற நிழல் இல்லை. காலையில் மேற்கே நீண்டு படுத்திருக்கும், உச்சிக்குச் சுருங்கி ஒண்டிக்கொள்ளும், சாயங்காலம் கிழக்கே கிளம்பி அடுத்தவர் மனைக்குள் போய் எட்டிப் பார்க்கும்; காற்றடித்தால் இல்லாத இலையெல்லாம் தரையில் ஆடும், சத்தம் மட்டும் இருக்காது; பொழுது சாயும் நேரத்தில் தலைகீழாகத் தொங்குகிற வௌவால் நிழல்கள் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு கிளம்பும், அண்ணாந்து பார்த்தால் ஆகாயத்தில் ஒன்றும் இருக்காது. மனை வாங்கினவர்கள் வந்து செருப்புக்காலால் தேய்த்துப் பார்த்தார்கள். ஒருத்தர் ஜேசிபியை விட்டு ஓர் அடி மண்ணை வழித்துப் போடச் சொன்னார், மண் போயிற்று, நிழல் ஓர் அடி கீழே இறங்கிப் படுத்துக்கொண்டது. வீடு கட்டினால் தானாகப் போய்விடும் என்று சொல்லிவிட்டு அவரவர் சிமெண்டு விலையை விசாரிக்கப் போய்விட்டார்கள்.

அந்த நிலத்துக்கு முதலில் படம் போட்டுக் கொடுத்தவள் தமயந்தி. எங்கே தெரு, எங்கே வீடு, எங்கே வடிகால் என்று நிலத்துக்குப் படம் போடுவதுதான் அவள் தொழில். ஒரு மழைக்காலம் முழுக்கக் குடையோடு அந்தத் தோப்பில் நடந்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்தச் சரிவில் தேங்குகிறது, காற்று எந்த இடுக்கில் நுழைகிறது என்று பார்த்துப் பார்த்துப் போட்ட படம் அது. அதில் தெருக்கள் மரங்களைச் சுற்றி வளைந்து போயின, மழைத் தண்ணீர் தென்பக்கத்துக் குட்டைக்குத் தானாகப் போய்ச் சேர்ந்தது, வீடுகளெல்லாம் தோப்புக்கு வந்த விருந்தாளிகள் மாதிரி மரத்துக்குப் பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்திருந்தன. மனை விற்கிறவர்களுக்குப் படம் ரொம்பப் பிடித்துப்போய் வாசல் போர்டில் பெரிதாக அடித்து மாட்டினார்கள். வாங்க வந்தவர்களுக்குத்தான் பிடிக்கவில்லை. "என்னம்மா இது, மனை சதுரமா இல்லாம மொறம் மாதிரி ஒரு பக்கம் விரிஞ்சு கெடக்கு?" என்றார் ஒருத்தர். "தெரு வளைஞ்சு வந்து எங்க வாசலக் குத்துதே" என்றார் இன்னொருத்தர். எல்லாவற்றுக்கும் மேலே வாஸ்து மணிவாசகம் வந்து, காலை ஒன்பதிலிருந்து மத்தியானம் மூணு வரைக்கும் மர நிழல் வீட்டு மேல விழப்படாது, விழுந்தா குடும்பத் தலைவருக்கு ஆகாது என்று ஒரு போடு போட்டார் பாருங்கள், அதோடு தோப்பின் கதை முடிந்தது. படம் மட்டும் போர்டிலேயே தொங்கியது.

தன் சொந்த மனையிலாவது தமயந்தி பிடிவாதமாக நின்றிருக்கலாம். அவளும் அவள் புருஷன் வைரவமூர்த்தியும் வாங்கின மனையில்தான் தோப்பிலேயே பெரிய மரம், ரெண்டு பேர் சேர்ந்து கட்டினாலும் கை எட்டாத மரம், நின்றது. அதை நடுவில் விட்டு, சுற்றிலும் அறைகள் போட்டு, மேலே திறந்த வெளியாக ஒரு வீடு வரைந்து வைத்திருந்தாள். வைரவமூர்த்தி கூட்டுறவு வங்கியில் காசாளர், தங்கமான மனுஷர், பயந்தாங்கொள்ளி. "எங்கப்பா அம்பதத் தாண்டல, பெரியப்பா அம்பதத் தாண்டல. குடும்பத் தலைவருக்கு ஆகாதுன்னு அந்தாளு வாயத் தொறந்து சொல்லிட்டுப் போறான். நீ மரத்தப் பாக்குறியா, என்னப் பாக்குறியா, சொல்லு தமயந்தி" என்று கேட்டார். இப்படிக் கேட்டால் எந்தப் பொம்பிளை என்ன பதில் சொல்லுவாள்? படத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் சதுரமாக ஒரு வீட்டை வரைந்தாள், கூடம் சரியாக அந்த மரம் நின்ற இடத்துக்கு மேலே வந்தது. வெட்ட வந்தவர்களுக்குச் சுண்ணாம்புக்கட்டியால் மரத்தில் கோடு போட்டுக் கொடுத்தவளும் அவளேதான். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வீடு எழும்பிற்று, தளம் போட்டாயிற்று, கூடத்துக்குக் கறுப்புக் கிரானைட் பதித்தாயிற்று. பால் காய்ச்சுகிற அன்றைக்கு, பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற உச்சி வேளையில், காங்கிரீட் கூரைக்குக் கீழே, மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிற கூடத்தின் நட்ட நடுவில் இலுப்பை நிழல் வந்து இறங்கியது, இலைகளுக்கு நடுவே விழுகிற காசு காசான வெயில் புள்ளிகளோடு. கூரை ஒன்று இருப்பதே அதற்குத் தெரியவில்லை. விருந்தாளிகள் வெற்றிலையும் கையுமாக ஒதுங்கி நின்றார்கள். பிறகு வைரவமூர்த்தியின் அத்தை ஒருத்தி புடவையை ஒதுக்கிக்கொண்டு அதில் போய் உட்கார்ந்து, "சில்லுனு நல்லாத்தான்டா இருக்கு, ஏசி வேண்டியதில்ல போ" என்றதும் பேச்சு மறுபடி கிளம்பிவிட்டது. வைரவமூர்த்திக்கு மட்டும் முகம் செத்துப்போயிற்று. ஓடிப்போய் மணிவாசகத்தை அழைத்துவந்தார். மணிவாசகம் திசைகாட்டியை வைத்துக்கொண்டு நிழலை மூன்று சுற்று சுற்றிவிட்டு, "மரத்தோட நெழல் விழுந்தாத்தான் தோஷம். இங்க மரம் எங்க இருக்கு? மரமே இல்லாத நெழலப் பத்தி சாஸ்திரத்துல ஒரு வரி கெடையாது, தாராளமா இருங்க" என்று சொல்லிவிட்டு ஜிலேபி ரெண்டு எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு விருட்சம் நகர் நிழலோடு குடித்தனம் பண்ணக் கற்றுக்கொண்டது. ரயில்வேயில் ஓய்வு பெற்ற சவுரிராஜன் நலச்சங்கத் தலைவராகி, எந்த வீட்டு நிழல் எந்த வீட்டுக்குள் எத்தனை மணிக்கு வரலாம் என்பதற்கு ஒழுங்குமுறை போட்டார், நிழல் அதை மதிக்கவில்லை, ஆனாலும் கூட்டம் மாதாமாதம் நடந்தது. வடகம் பிழிந்து காயவைத்தவர்கள் கிழக்கு வீட்டு நிழலைத் திட்டினார்கள், மாடியில் சூரிய மின்சாரத் தகடு வைத்தவர் தலையில் கைவைத்துக்கொண்டார், கார் வைத்திருந்தவர்கள் நிழலுக்கு முந்திக்கொண்டு வண்டியை நிறுத்தினார்கள். பங்குனியில் பூ நிழல் உதிர்ந்து வாசலெல்லாம் கிடக்கும், விளக்குமாற்றால் கூட்டினால் போகாது, ஆனால் நாள் முழுக்க வெல்லப்பாகு வாசனை வீடு வீடாக நுழையும். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். இலுப்பையே இல்லாத ஊரில் அதன் வாசனையே சர்க்கரை என்று இருந்துவிட்டார்கள். வீடு பார்க்க வருகிறவர்களிடம் "நிழலோட சேத்து வாடகை" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

முதலில் ரெஜினா டீச்சருக்குத்தான் அது நடந்தது. டீச்சர் தனியாள், மத்தியானமானால் ஒரு நாற்காலியையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு தன் வீட்டுத் தோட்டத்தில், சிமெண்டு பூசின தரையில் விழுகிற நிழலில் போய் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பார். ஒருநாள் எழுந்து கேட்டைச் சாத்த வெயிலுக்கு வந்தபோது, கேட்டுக்கு நிழல் விழுந்தது, செம்பருத்திக்கு நிழல் விழுந்தது, டீச்சருக்கு விழவில்லை. அவருடைய நிழல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் அங்கேயே மர நிழலுக்குள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தது. "போனாப் போவுது டீச்சர், நெழல் இல்லன்னா ரேஷன்ல அரிசி இல்லன்னா சொல்லப்போறான்?" என்றார் சவுரிராஜன். டீச்சரும் சிரித்தார். ஆனால் நிழல் போனவர்களுக்கு வெயில் பொறுக்காது என்பது அதற்கப்புறம் தெரிந்தது. எங்கே போனாலும் உடம்பு எரிந்தது அவருக்கு, குளித்தால் எரிந்தது, ஏசியில் எரிந்தது, அந்த நிழலுக்குள் போனால் மட்டும் அடங்கிற்று. அதனால் அங்கேயே இருந்தார், அங்கேயே சாப்பிட்டார், பேச்சு குறைந்தது, எடை குறைந்தது, ஒருநாள் உச்சியில் பக்கத்து வீட்டுக்காரி காபி கொண்டுபோய்ப் பார்த்தபோது நாற்காலியில் மூக்குக்கண்ணாடியும் கீழே ஒரு ஜோடி செருப்பும் மட்டும் இருந்தன. தரையில் நிழல் உட்கார்ந்திருந்தது. பக்கம் ஒன்றைப் புரட்டியது.

சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போயிற்று. பக்கத்து வீட்டுக்காரி மட்டும் மத்தியானக் காபியை நிறுத்தவில்லை, நாற்காலிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பாள். சாயங்காலம் போய் எடுத்தால் டம்ளரில் காபி அப்படியே இருக்கும், வாயில் விட்டால் வெறும் தண்ணீர் ருசி. அதையும் பழகிக்கொண்டார்கள். நிழலில் ரொம்ப நேரம் உட்காரக் கூடாது என்று நலச்சங்கம் ஒரு போர்டு வைத்தது, ஆனால் சித்திரை வெயிலில் போர்டை யார் படிக்கிறார்கள்? தபால்காரர் ஒருத்தர் அப்படிப் போனார், அவருக்குப் பின்னால் தையல்காரர் மனைவி. சாயங்காலம் தெருவில் நடந்தால் கால்மாட்டில் இவர்கள் நிழலெல்லாம் மர நிழலோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கும், மிதிக்காமல் தாண்டிப் போவார்கள்.

வைரவமூர்த்தி பயந்தவர் என்று சொன்னேனா, ஊரில் மர நிழலுக்குள் காலே வைக்காத ஒரே ஆள் அவர்தான். மூன்று வருஷம் தன் வீட்டுக் கூடத்தைச் சுவரோரமாகவே நடந்து கடந்தார். நெஞ்சில் ஒரு வலி வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, ரெண்டு மாசம் ஓய்வு என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பினபோதுதான், தமயந்தி வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், மின்சாரம் நின்று புழுங்கித் தள்ளினதில் ஒரே ஒரு நிமிஷம் என்று நாற்காலியை நிழலுக்குள் இழுத்துப் போட்டார். அந்தக் குளிர்ச்சி இருக்கிறதே, அது பெற்றவள் கை மாதிரி நெற்றியில் வந்து படிந்தது. மறுநாளும் உட்கார்ந்தார், அதற்கு மறுநாளும்.

தமயந்தி அதைக் கண்டுபிடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கீரைக்காரியிடம் பேரம் பேசிவிட்டு அவர் கேட்டிலிருந்து நடந்து வந்தார், அவர் கையிலிருந்த கீரைக்கட்டின் நிழல் மட்டும் தரையில் தனியாக நடந்து வந்தது. தமயந்தி வாசற்படியிலிருந்து இறங்கி வந்தாள்.

"என்னங்க, எத்தன நாளா?"

"என்ன எத்தன நாளா?"

"கீழ பாருங்க."

பார்த்தார். அவருக்கு முன்னமே தெரிந்திருக்கிறது, கண்ணிலேயே தெரிந்தது. "உங்கிட்டச் சொன்னா அழுவேன்னுதான் சொல்லல. உள்ள ஒக்காந்தா நல்லாருக்கு தமயந்தி. பயமே இல்ல. பொறந்ததுலேருந்து எனக்குப் பயமில்லாத எடம் அது ஒண்ணுதான்" என்றார்.

அவள் அழவில்லை. நாற்காலியைத் தூக்கி மாடியில் போட்டுப் பூட்டினாள். அவர் வெறுந்தரையில் போய் உட்கார்ந்தார். தங்கை வீட்டுக்குத் திருச்சிக்கு அழைத்துப்போனாள். உடம்பெல்லாம் எரிகிறது என்று குழந்தை மாதிரி கத்தினார், பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்ப வேண்டியதாயிற்று. நாளுக்கு நாள் இளைத்தார். கட்டிலில் படுத்தால் கட்டில் முனகாது, பக்கத்தில் ஆள் இருப்பது தெரியாது. இவர் இல்லாமல் இந்தச் சதுர வீட்டை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ணப்போகிறேன் என்று நினைக்க நினைக்க அவளுக்கு மரத்தின் மேல் கோபம் வந்தது, மணிவாசகம் மேல் வந்தது, சுண்ணாம்புக்கட்டி பிடித்த தன் கை மேலேதான் அதிகம் வந்தது.

லீவு போட்டுவிட்டு, தோப்பில் அன்றைக்கு நடந்தது மாதிரியே நகரில் நடந்தாள், உச்சி வெயிலில், குடையோடு. நிலத்தைப் பார்க்கிற கண்ணுக்கு மெதுவாகத்தான் எதுவும் தெரியும். உண்மையான மரத்தின் நிழல் மரத்தின் அடியில் போய்த் தொட்டுக்கொண்டு நிற்கும். இந்த நிழல்களுக்கு அந்தத் தொடுகிற இடம் இல்லை, அடிமரத்தின் நிழல் வந்து வந்து, கிரானைட்டிலோ சிமெண்டிலோ முட்டி, அந்தரத்தில் நின்றுவிடுகிறது. முட்டின இடத்திலிருந்து வேர் மாதிரி விரல் விரலாகப் பிரிந்து எதையோ துழாவுகிறது. மனிதர்கள் யாராவது அசையாமல் உட்கார்ந்திருந்தால் அந்த விரல்கள் அவர்கள் பாதத்தில் போய் முடிகின்றன. ரெஜினா டீச்சரின் செருப்பில் போய் முடிந்திருந்தன. ஊன்றி நிற்க ஓர் அடி கிடைக்காமல் மனுஷக் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

அன்று சாயங்காலமே கல்லுடைக்கிற ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினாள். கூடத்துக்கு மேலே தளத்தை உடைக்க வேண்டும், கீழே கிரானைட்டைப் பெயர்க்க வேண்டும்.

விஷயம் பரவி, சவுரிராஜன் நலச்சங்கத்தையே கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். "ஏம்மா, உங்க வீட்டு நெழல்தான் மத்தியானத்துக்கு மேல எங்க வீட்ட மூடுது. நீங்க எதையாவது நோண்டி அது போயிடுச்சுன்னா, எங்க வீட்ல மனுஷன் குடியிருக்கறதா வேண்டாமா?"

"சார், உள்ள வந்து இவரப் பாருங்க."

"பாத்தேம்மா, எனக்கும் வருத்தந்தான். அதுக்காக ஊருக்கே வெயிலக் கொண்டாருவீங்களா? அந்தத் தபால்காரர் பொண்டாட்டி ஏதாவது கேட்டுச்சா? பழகிட்டாங்கல்ல?"

அவர் கெட்டவர் இல்லை, பொறுமையாகத்தான் சொன்னார், அதுதான் தமயந்திக்குப் பயமாக இருந்தது. கூட்டத்தில் நின்ற எல்லோரும் அவரைப் போலவே தலையாட்டினார்கள். மணிவாசகம் மட்டும் பின்வரிசையிலிருந்து, வீட்டு நடுவுல தொறந்திருந்தா அது பிரம்மஸ்தானம், உத்தமம் என்று மெதுவாகச் சொன்னார். "இத அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாய்யா?" என்று தமயந்தி ஒரு கத்துக் கத்தினாள், கூட்டம் கலைந்துவிட்டது.

மறுநாள் தளத்தை உடைத்தார்கள். கூடத்துக்குள் முதல்முறையாக வெயில் விழுந்தது. வைரவமூர்த்தி நகரவில்லை, அவரைச் சுற்றிச் சாக்கைப் போர்த்திவிட்டு, கல் அவர் மேல் விழாதபடி தள்ளித் தள்ளி உடைத்துத்தான் வேலை நடந்தது. கல் தூள் தலையெல்லாம் படிந்தும் தும்மக்கூட இல்லை. கிரானைட்டைப் பெயர்த்தவன் திடீரென்று கடப்பாரையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றான். "அம்மா, இங்க வாங்க" என்றான்.

கல்லுக்கு அடியில் பழைய வேர் சாகவில்லை. மருந்து ஊற்றி, மண் கொட்டி, கல் பதித்து மூடின அத்தனை வருஷமும் அது துளிர்விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. இலையில்லாமல், பச்சையில்லாமல், மனுஷ விரல் நிறத்தில் ஒரு குருத்து, மேலே வழியில்லாமல் மடங்கி, கல்லின் அடிவயிற்றைத் தடவிக்கொண்டே ஊர்ந்து போய், வைரவமூர்த்தி உட்கார்ந்திருந்த கல்லின் ஓரம் வரைக்கும் வந்து நின்றிருந்தது. நின்றிருந்த நுனி இன்னும் ஈரமாக இருந்தது. தமயந்தி மண்டியிட்டு, கையாலேயே மண்ணை விலக்கி, அதை மெல்ல நிமிர்த்தி வெயிலைப் பார்க்க வைத்தாள். "மன்னிச்சுக்க தாயே, இவர விட்டுடு, இங்கயே இரு, ஒன்ன யாரும் தொடமாட்டாங்க, இவர மட்டும் விட்டுடு" என்று வாய்விட்டே கெஞ்சினாள், ஆட்கள் நிற்கிறார்களே என்று பார்க்கவில்லை.

உச்சி வந்தது. நிழல் வழக்கம்போல் கூடத்தில் இறங்கி, விரல்களால் துழாவி, குருத்தின் அடியைத் தொட்டது. தொட்டதும் நின்றுவிட்டது. கிளை கிளையாக, வௌவால் வௌவாலாக அது சுருங்க ஆரம்பித்தது, வாளித் தண்ணீர் ஓட்டைக்குள் இறங்குகிற மாதிரி, சுவரிலிருந்து இறங்கி, கூடத்தைக் காலி பண்ணிக்கொண்டு, கடைசியில் குருத்தின் காலடியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடாக நின்றது. வைரவமூர்த்தி சாக்கை விலக்கிவிட்டு எழுந்தார். நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது.

"சுடுது தமயந்தி" என்றார். "அய்யோ, என்ன வெயில்டி இது, இப்படிச் சுடுது!"

அவள் அவர் காலைப் பார்த்தாள். அவர் பாதத்தை ஒட்டி, கறுப்பாக, குட்டையாக, அவருடைய நிழல் நின்றது. அப்போதுதான் அவள் அழுதாள்.

மறுநாளே ரெஜினா டீச்சர் தோட்டத்துக்குக் கடப்பாரையோடு போனார்கள். அங்கேயும் குருத்து இருந்தது, அங்கேயும் நிழல் அடங்கி நின்றது, ஆனால் நாற்காலிக்கு யாரும் வரவில்லை, படித்துக்கொண்டிருந்த நிழலும் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரி காபி டம்ளரோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அதைக் குருத்தின் அடியில் ஊற்றிவிட்டுப் போனாள். சில வீட்டில் உடைத்தார்கள், பல வீட்டில் உடைக்கவில்லை. குருத்து தெருவில் முளைத்த இடங்களில் தார்ச்சாலை அதைச் சுற்றி வளைந்து போகும்படி ஆயிற்று, வாசல் போர்டில் தொங்குகிற பழைய படத்தில் இருக்கிற மாதிரியே. சவுரிராஜன் தன் வீட்டுக் கல்லைப் பெயர்க்கவிடவில்லை. அவர் வீட்டு மனையிலும் ஒரு நிழல் உண்டு, மத்தியானத்தில் அதில்தான் உட்காருகிறார், கூட்டம் போடுவதை நிறுத்திவிட்டார்.

அந்த அக்கினி நட்சத்திரத்தில் விருட்சம் நகர் வெந்தது. தமயந்தி வீட்டுக் குருத்து வெளுத்த நிறம் மாறி ரெண்டு இலை விட்டிருந்தது, சிவப்பாக, காது மாதிரி மெல்லிய இலை, உச்சி வெயிலுக்கு நிற்காது. ஓலைத் தட்டி வைக்கலாம் என்று அவள் சொன்னாள். வைரவமூர்த்தி கேட்கவில்லை. தினமும் ஒன்பது மணிக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் ஈரத்துண்டோடு வந்து, கூடத்து நடுவில் அதற்கும் சூரியனுக்கும் இடையில் உட்கார்ந்துகொள்கிறார்; சூரியன் நகர நகரத் தானும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, உச்சியில் அதன் மேலேயே குனிந்து, மூணு மணி வரைக்கும் தன் நிழலை அதன் மேல் விழ வைக்கிறார். வேலைக்குப் போகும்போது தமயந்தி மோர்ச்சொம்பை அவர் பக்கத்தில் வைப்பாள், தரையில் கிடக்கிற அந்த நிழலையும் ஒரு பார்வை பார்ப்பாள். அது அவருடைய நிழல்தான், அவர் மூக்கு, அவர் தொந்தி, தலையில் துண்டு. இடது தோளில் மட்டும் ஒரு வௌவால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதை அவரிடம் அவள் சொல்லவில்லை, பயப்படுவார்.